உம்மா சொன்ன சாட்சி

உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மலாயாவின் பொந்தியானில், மார்க்க வழக்குகளைத் தீர்க்கும் காஜியாரின் முன்னறையில் நான் நின்ற காலை இன்றும் கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். எதிரே பாயில் ஒரு மலாய்ப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் என் வாப்பா தலாக் சொல்லிப் பிரித்துவிட்ட மனைவி. நான் சின்னும்மா என்று அழைத்தவள். காஜியார் மலாயில் கேட்டதை, கடைத்தெருவில் துணி விற்ற ஒருவர் உம்மாவுக்குத் தமிழில் சொன்னார். "ஒங்க நகைய வித்த பணத்துலதான் ஒங்க மாப்பிள்ளை கடை வச்சாங்களா? அல்லாவ முன்ன வச்சுச் சொல்லுங்க."

"ஆமா" என்றாள் உம்மா. அது பொய்.

வாப்பா நாகப்பட்டினத்துக் கரையில் உம்மாவையும் ஒரே மகளான என்னையும் விட்டுவிட்டு, நான் தவழும் வயதில் கப்பலேறியவர். பொந்தியான் படகுத்துறையில் ஓலைக் கொட்டகை போட்டுத் தேநீரும் ரொட்டியும் விற்றார். கம்பம் என்று அங்கே சொல்லும் கரையோர மலாய்க் கிராமத்தில் மீனவர் வீட்டுப் பெண்ணான சின்னும்மாவை நிக்காஹ் செய்துகொண்டது அப்போதுதான். விடியும் முன் கடலுக்குப் போகிறவர்கள் அவள் அரைத்த மிளகாய்ச் சம்பாலுக்காகவே எங்கள் கொட்டகைக்கு வருவார்களாம். கொட்டகை பலகைக் கடையானது. பலகைக் கடை, மாடியில் வீட்டோடு கூடிய கல் கட்டடமானது. பத்திரத்தில் வாப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதைக் கேட்க வேண்டும் என்றும் தோன்றியிருக்காது. அவளுக்குக் குழந்தை இல்லை. வசதி வந்ததும் எங்களை அழைத்துக்கொள்ள வாப்பா நினைத்தார். அங்கே இன்னொருத்தி இருக்கக் கூடாது என்று உம்மாவின் அண்ணன்மார் சொன்னார்கள், வாப்பாவும் ஒத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் சிங்கப்பூரில் இறங்கிப் படகு மாறி வந்து சேர்ந்த பிறகும், அவளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

படகிலிருந்து என்னைத் தூக்கிக் கரையில் விட்டவள் சின்னும்மாதான். கடையில் பழகிய அரைகுறைத் தமிழில் பேசுவாள். அவர்கள் மொழியில் அக்காளுக்குச் சொல்லும் 'கக்கா'வை வைத்து உம்மாவைக் கூப்பிட்டாள். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உம்மாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஒருத்தியைத் துரத்த வந்தவளும் துரத்தப்பட இருந்தவளும் ஒரே சட்டியில் சோறாக்கினார்கள். எந்த மீனை எப்படி அறுப்பது, காய்கறிக்காரச் சீனனிடம் எப்படி விலை குறைப்பது என்று அவள் சொல்லித் தந்தாள். ஒரு மத்தியானம் உம்மா தன் பெட்டியைத் திறந்து, காசுமாலையையும் காப்புகளையும் எடுத்து அவளுக்குப் போட்டு அழகு பார்த்தாள். சின்னும்மா கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிவிட்டு, கழற்றும்போது ஒவ்வொரு காசையும் துடைத்து வைத்தாள்.

சில மாதங்களில் ஊரிலிருந்து மாமாமார் நெருக்கத் தொடங்கினார்கள். சின்னும்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வாப்பா தலாக்கைச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். அவள் அரைத்ததை வழித்து வைத்து, கையைக் கழுவி, துணிகளைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். தலாக்குக்குப் பின் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலம் முடியும்வரை அங்கே இருந்தாள். முடிந்ததும் காஜியாரிடம் போனாள். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்துத் தேடிய சொத்தில், பிரிந்து போகும் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்பது மலாய்க்காரர்களின் வழக்கம். கடையில் தன் பங்கைத்தான் அவள் கேட்டாள்.

அன்று வாப்பா சாப்பிடாமல் உம்மாவின் முன் வந்து உட்கார்ந்தார். "பங்கு குடுக்கணும்னா கடைய விக்கணும். கடை போச்சுன்னா நாம மூணு பேரும் திரும்பக் கப்பல்தான். ஒன் நகைய வித்து அனுப்பின காசுல ஆரம்பிச்ச கடைன்னு சொல்லிடு. போதும்."

"நகை பெட்டியில இருக்கே. அது அவ பாத்ததாச்சே" என்றாள் உம்மா.

"பெட்டியில இருக்காது. நான் பாத்துக்கறேன்."

காஜியாரின் முன்னால் சின்னும்மா அதைத்தான் சொன்னாள். நகைகள் அந்த வீட்டில் இருக்கின்றன, தானே போட்டுப் பார்த்தேன் என்றாள். அதன் பிறகே உம்மாவைச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். உம்மாவின் சொல்லுக்குப் பின் காஜியார் அதிகம் யோசிக்கவில்லை. இத்தாக் காலச் செலவும், நிக்காஹில் அவளுக்குப் பேசிய மஹரில் பாக்கியும் மட்டும் கொடுக்கச் சொன்னார். சின்னும்மாவின் அண்ணன் அவளைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட தங்கையைப் பார்க்கிற பார்வை அது. அவள் எங்கள் பக்கம் திரும்பாமலே எழுந்து போனாள்.

வாப்பா ஒளித்து வைத்த நகைகள் சில மாதங்கள் கழித்துப் பெட்டிக்குத் திரும்பின. ஆனால் உம்மாவால் அவற்றை அணிய முடியவில்லை. விற்றுவிட்டதாக ஊரறியச் சத்தியம் செய்தவளாயிற்றே. கல்யாண வீடுகளில் வெறும் கருகமணியோடு போய் உட்காருவாள். "மாப்பிள்ளைக்காக எல்லாத்தயும் குடுத்தவ" என்று பெண்கள் தங்கள் மகள்களுக்கு அவளைக் காட்டுவார்கள். அப்போது உம்மா என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரமாக ஏழைகளுக்குச் சோறு போட்டாள், நோன்பு பிடித்தாள். ஒரு ரமலானில் ஊரிலிருந்து வந்த, மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரிடம், திரைக்குப் பின்னாலிருந்து, யாருக்கோ நடந்ததுபோல இதைக் கேட்டாள். நோன்பு இறைவனிடம் பட்ட கடனைத்தான் தீர்க்கும், அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியதை அந்தப் பெண்ணிடம் சேர்க்காமல் தீராது என்று அவர் சொல்லிவிட்டார். உம்மா வாப்பாவிடம் மன்றாடினாள். "முடிஞ்சத கிளறாத" என்று அவர் எழுந்து போனார். அவர் இருக்கும்வரை அவரைப் பொய்யராக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

வாப்பா மௌத்தாகி, உம்மா தன் இத்தாவை முடித்த பிறகு, நகைகளைத் துணியில் கட்டிக்கொண்டு என்னுடன் சம்பான் படகில் அந்தக் கம்பத்துக்குப் போனாள். எனக்கு அப்போது கல்யாணமாகியிருந்தது. சின்னும்மா அண்ணன் வீட்டுக்கு அருகே ஒரு பந்தலில் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். உம்மா மூட்டையை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தாள்.

"இது வேணாம் லா, கக்கா" என்றாள் சின்னும்மா. "நான் நகை கேக்கல. அன்னிக்கு என்னப் பொய்க்காரின்னு ஆக்கிட்டீங்க. எங்க அண்ணன்கூட நம்பல. இந்தக் கம்பமே நம்பல."

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"எங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க. ஒங்க வாயால."

சின்னும்மா தன் அண்ணனை அழைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். நான் மலாயில் எடுத்துச் சொல்ல முன்வந்தேன். உம்மா என் கையை விலக்கினாள். அத்தனை வருடம் அந்த மண்ணில் இருந்தும் மீன்காரனிடம் பேசும் அளவுக்கு மேல் மலாய் பழகாதவள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். "சாயா போஹோங்" என்றாள். நான் பொய் சொன்னேன். பிறகு சின்னும்மாவைக் காட்டி, "டியா பெதுல்" என்றாள். அவள் சொன்னதே உண்மை. அந்த அண்ணன் தங்கையின் பக்கம் வந்து நின்றார்.

"இப்ப குடுங்க" என்று சின்னும்மா கையை நீட்டினாள். அன்பளிப்பாக வேண்டாம் என்றவள், தனக்குச் சேர வேண்டியதாக அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உம்மா அழுதபடி தன்னை மன்னித்துவிடும்படி கேட்டாள்.

"அது இன்னும் மனசுல வரல, கக்கா. வந்தா சொல்லி அனுப்பறேன்."

அப்படி எந்தச் சேதியும் வரவில்லை. வாசலில் மலாய்க் குரல் கேட்டாலெல்லாம் உம்மா எழுந்து போய் எட்டிப் பார்ப்பாள். நோயில் கிடந்தபோதும் என்னைப் போய்ப் பார்க்கச் சொல்வாள். அவள் இறந்த அன்று நான் கம்பத்துக்கு ஆள் அனுப்பினேன். சின்னும்மா வந்தாள். குளிப்பாட்டும் பெண்கள், மௌத்தானவளின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டபோது எல்லோரும் பொறுத்தோம் என்றார்கள். சின்னும்மாவின் உதடு அசையவில்லை. ஆனால் சட்டைக் கைகளை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து, உம்மாவின் தலையைத் தன் இடது கையில் தாங்கிப் பிடித்தாள். குளிப்பாட்டி முடிக்கும்வரை அதை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டிருக்கலாம். அதன் பிறகும் அவள் பல வருடம் இருந்தாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடையை இப்போது வேறொருவர் நடத்துகிறார், கட்டடம் என் பெயரில் இருக்கிறது. அந்த வாடகையில்தான் நான் சாப்பிடுகிறேன்.