பின்லாந்து கார்டும் ஒரு புகார் மனுவும்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் ஹைதராபாத் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படிக்க வந்த பிள்ளைகள் படுத்துத் தூங்கிய இரும்புக் கட்டில்களில் பாதி என் பட்டறையில் செய்தவை. நான்கு கட்டில் கொள்ளும் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு போடலாம் என்று ஹாஸ்டல்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். இன்றைக்கு அமெரிக்காவில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேருடைய முதுகுக்கு என் வெல்டிங் தெரியும். இதை முதலில் சொல்லாவிட்டால், ஏதோ வேலை வெட்டி இல்லாமல் கார்டு பொறுக்கியவன் என்று என்னை நினைத்துவிடுவீர்கள்.

லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஒப்பந்தக் கூலியாக நுழைந்து, அல்வாலில் சொந்த ஷெட் போட்டு, வீடும் கட்டி, மகளை இன்ஜினியராக்கிய பிறகுதான் இந்தக் கார்டு வியாதி எனக்கு வந்தது. கொண்டுவந்தவள் மகள்தான். அவள் சாப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கம்ப்யூட்டரில் ஒரு இடம் இருக்கிறதாம். நாம் கேட்டால் ஏதோ ஒரு நாட்டில் முன்பின் தெரியாத ஒருவருடைய முகவரியும் ஒரு நம்பரும் கொடுப்பார்கள். படம் போட்ட கார்டு ஒன்றில் நாலு வரி எழுதி, அந்த நம்பரையும் எழுதி அனுப்ப வேண்டும். கார்டு கிடைத்தவர் நம்பரைக் கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் நம் முகவரி இன்னொருவருக்குப் போகும். அவர் நமக்கு ஒரு கார்டு போடுவார். மொய் மாதிரிதான். ஆனால் நாம் வைப்பது ஒரு வீட்டில், நமக்குத் திரும்பி வருவது வேறு வீட்டிலிருந்து.

விளையாட்டாக என் பெயரில் பதிந்துவிட்டாள். முதல் கார்டு பின்லாந்திலிருந்து வந்தது. பனிக்கு நடுவில் ஒரு சிவப்பு வீடு. பின்பக்கம் யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா கையால் எழுதிய என் பெயர். அதுவரை எனக்கு வந்த தபாலெல்லாம் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், வரி நோட்டீஸ், இரும்புக் கடைக்காரனின் வக்கீல் நோட்டீஸ். அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கடைவீதி முழுக்கக் காட்டினேன்.

பிறகு ஜப்பான், போலந்து, பிரேசில், போர்ச்சுகல் என்று வரிசையாக வந்தன. ஆல்பத்தில் ஒட்டி அலமாரியில் புதைக்கிற ஆள் நான் இல்லை. பால் பேரிங் வைத்து, விரலால் தொட்டால் சுற்றுகிற மாதிரி இரும்பில் ஒரு ஸ்டாண்ட் செய்து, பட்டறையில் என் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அப்படி ஒரு ஸ்டாண்டை நீங்கள் எந்தக் கடையிலும் பார்த்திருக்க முடியாது. இரும்புக் கேட் கேட்டு வருகிறவர் முதலில் போர்ச்சுகலைப் பார்க்க வேண்டும்; அப்புறம்தான் கேட்.

என் மனைவிக்கு அது பொறுக்காது. "வந்தவுக கேட்டுக்கு அளவு சொல்ல வந்திருக்காக. நீங்க கடலக் காட்டிக்கிட்டு இருக்கீக" என்பாள்.

மகளுக்கு ஷிப்ட் மாறியது. அதுவரை ஆபீஸ் போகிற வழியில் அவளே தபாலில் போடுவாள். இனி கார்டை எழுதி பிரிட்ஜ் மேல் வைத்துவிடுவாள். அனுப்புவது என் பொறுப்பு. எனக்கும் அதுதான் பிடித்தது. அவள் அனுப்பும் விதம் எனக்கு ஒருநாளும் சரியாகப் படவில்லை. வீட்டை விட்டு ஒன்று வெளியே போனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. என் பட்டறையிலிருந்து கொட்டேஷன் போனால்கூட நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் போகும். போன கொட்டேஷன் ஆர்டராகத் திரும்பாமல் இருந்ததில்லை. கார்டுக்கும் அப்படியே செய்தேன். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து நாலு மூலைக்கும் தாராளமாக வைத்து, நடுவில் என் பட்டறை சீலையும் குத்தினேன். பெயர், முகவரி, போன் எல்லாம் அதில் இருக்கும். அனுப்பியது யார் என்று ஆஸ்திரியாக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? ஜன்னலில் காயவைத்து, தபால்காரர் வரும்போது அவர் கையிலேயே கொடுப்பேன். தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் பூட்டு மாட்டும் கொண்டி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பற்றவைப்பு சரியில்லாத எதையும் நான் நம்புவதில்லை.

அதோடு கார்டு வருவது நின்றது.

ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். நாம் அனுப்பியதில் இத்தனைதான் வழியில் இருக்கலாம் என்று அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு. அவை போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த முகவரி தருவார்களாம். மகள் திறந்து பார்ப்பாள். எல்லாம் பயணத்தில் இருக்கிறது என்பாள். கப்பலில் வைத்துத் துடுப்புப் போட்டாலும் இதற்குள் போயிருக்குமே! பக்கத்து வீட்டில் ராணுவக் கணக்கு ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர். தினமும் காலையில் மதில் மேல் கையை வைத்துக்கொண்டு, "என்ன சார், பாரின்ல கடை மூடிட்டாங்களா?" என்று கேட்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

மகளோ, "கைக்குப்பா இவ்ளோ டென்ஷன்? கார்டுதானே, மிஸ் ஆகும்" என்றாள். இந்த ஊரில் வளர்ந்ததால் 'ஏன்' என்பதற்கு அவளுக்குக் 'கைக்கு' என்றுதான் வாயில் வரும்.

ஒன்று இரண்டு மிஸ் ஆகலாம். எல்லாமுமா? நான் யோசித்தேன். கார்டைக் கடைசியாகத் தொட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று தபால்காரர். நான் தொட்டதில் தவறு வராது. ஒவ்வொரு கார்டிலும் வெளிநாட்டுக்கான பெரிய பெரிய ஸ்டாம்ப். உரித்து எடுத்தால் காசு. விஷயம் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

அந்தத் தபால்காரருக்கு நாற்பது வயதிருக்கும். பழைய ஹைதராபாத்காரர். நிரந்தர வேலை இல்லை. ஆள் இல்லாத இடத்துக்குத் தற்காலிகமாக வைத்து, அப்படியே ஒன்பது வருடம் ஓட்டியிருந்தார்கள். அவரை நிறுத்தி வைத்துக் கேட்டேன். எல்லாவற்றையும் அன்றன்றே பையில் போட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. தாசில்தார் ஆபீஸ் வாசலில் இருக்கும் டைப் அடிப்பவரிடம் போய், இங்கிலீஷில் மூன்று காப்பி புகார் மனு அடிக்கச் சொல்லி, தமிழில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டுத் தபால் ஆபீசில் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, அதே தபால்காரர் ஜெர்மனி ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு நீளக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சாப், நிரந்தரம் பண்றவங்க லிஸ்ட் நாளைக்கு மத்தியானம் போகுது. புகார் இருக்கிற பேரை அனுப்ப மாட்டாங்க" என்று இந்தியில் சொன்னார்.

கை வைக்கும்போது யோசித்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். நான் செய்த கேட். சாத்தினால் தெருவுக்கே கேட்கும்.

கவரை மகள் பிரித்துப் படித்தாள். உள்ளே நான் அனுப்பிய கார்டின் கலர் ஜெராக்ஸ் இருந்தது. கூடவே ஒரு கடிதம். அதை எழுதிய அம்மாவுக்குக் கார்டு நல்லபடியாகக் கிடைத்ததாம். ஆனால் மூலையில் மஞ்சளாக ஏதோ பரவி நம்பர் கரைந்திருக்கிறதாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் படிக்க முடியாததால் பதிய முடியவில்லையாம். சீலில் முகவரி இருந்ததால் எழுதுகிறேன், இது ஏதாவது சாப்பாட்டுப் பொருளா என்று கேட்டிருந்தாள்.

மகள் ஜெராக்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"நம்பர நான் எங்க எழுதறேன்னு ஒரு தடவையாவது பாத்தீங்களாப்பா? கார்னர்லதான் எழுதுவேன். ஜெல் பேனால."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம்பரைப் போய் யாராவது மூலையில் எழுதுவார்களா? தண்ணீர் பட்டால் கரைகிற பேனாவை எவன் கண்டுபிடித்தான்? இரும்பில் நம்பர் குத்தினால் நூறு வருடம் நிற்கும். இவளுக்கு ஒரு பால்பாயிண்ட் பேனா கிடைக்கவில்லையா? அரை மணி நேரம் பேசித் தவறு முழுக்க அவளுடையதுதான் என்று நிரூபித்துவிட்டேன். அவளும் ஆபீசுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவில்லை. "அந்த மனுசன் பொழப்பு நாளையோட போகுது. நீங்க பேனாவப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீக."



மறுநாள் தபால் ஆபீஸ் திறக்கும்போதே போய் நின்றேன். வாயால் சொன்னால் முடியாது, புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுங்கள் என்றார் அதிகாரி. தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் மூன்றில் ஒன்றில் வேண்டும். எனக்கு மூன்றும் பேச வரும், திட்ட வரும், எழுத வராது. டைப் அடிப்பவரைத் தேடி ஓடினேன். ஏதோ கல்யாணம் என்று கடை பூட்டியிருந்தது. மகளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கவுண்டரில் இருந்தவர்களிடம் எழுதித் தரக் கேட்டால் வரிசையைக் காட்டினார்கள். அதிகாரி பேனாவால் மூலையைக் காட்டினார். அங்கே தபால் பிரித்துக்கொண்டிருந்தவர் அதே ஆள்தான். "அவர் எழுத்து நல்லா இருக்கும், அவரைக் கேளுங்க."

வேறு வழி? போய்க் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துவந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மஞ்சளையும் சொன்னேன். தவறு என்னுடையது என்று எழுதச் சொன்னேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். "அப்படி எழுதினா, பொய்ப் புகார் ஏன் கொடுத்தீங்கன்னு உங்களைக் கூப்பிட்டு அலைய விடுவாங்க சாப். நக்கோ, வேண்டாம். தெரியாம கொடுத்துட்டார்னு போடறேன்."

"நாப்பது வருசமா நான் தெரியாம ஒரு காரியம் செஞ்சதில்ல."

"அப்ப தெரிஞ்சே செஞ்சீங்கன்னு போடட்டுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாமன்னே போடுங்க" என்றேன்.

தெலுங்கில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். விவரம் அறியாத காரணத்தால் என்று அதில் இரண்டு இடத்தில் வந்தது. ஒரு இடம் போதாதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். என் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்த அதிகாரி, எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று நினைத்து மைப் பெட்டியையும் என் பக்கம் தள்ளினார். அதையும் பொறுத்துக்கொண்டு பெருவிரலைப் பதித்தேன். காகிதம் கோப்புக்குள் போவதைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தேன்.

லிஸ்டில் அவர் பெயர் வந்துவிட்டது. கேட்டருகே வந்து சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நிரந்தரமானதும் வேறு இடத்துக்குப் போட்டுவிடுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. லாலாகுடா பக்கம் போய்விட்டார்.

வழியில் நின்ற கார்டுகளைக் கெடு முடிந்ததும் தொலைந்ததாகக் கம்ப்யூட்டர் கழித்துவிட, மறுபடி முகவரிகள் கிடைத்தன. மகள் இப்போது நம்பரை நடுவில், பால்பாயிண்ட் பேனாவால் எழுதுகிறாள். கார்டுகளும் வருகின்றன. ஆனால் புதிதாக வந்திருக்கும் தபால்காரர் வண்டியை விட்டு இறங்குவதில்லை, மணி அடிப்பதில்லை. ஓடுகிற வண்டியிலிருந்தே கேட்டுக்கு மேலாக வீசிவிட்டுப் போகிறார். எஸ்தோனியாவின் கலங்கரை விளக்கம், மனைவி வாசல் தெளித்த தண்ணீரில் குப்புற விழுந்து கிடந்தது. கேட்டிலேயே வாய் அகலமாக ஒரு தபால் பெட்டி செய்து பற்றவைத்தேன். ஒரு கை தாராளமாக நுழையும். அதையும் தாண்டித்தான் வீசுகிறார்.

"இன்னொரு புகார் எழுதிப் போட வேண்டியதுதானே" என்கிறாள் மனைவி.

இதுவரை எழுதவில்லை.