ஏழு கேள்விக்குறிகள்

வீரராகவன் கல்கத்தாவுக்கு வந்தது மூன்று வருடத்துக்கு. அது எண்பத்தாறில். தொண்ணூற்றைந்திலும் அந்த மூன்று வருடம் முடியவில்லை. அரசாங்கம் காலத்தை நிதானமாகவே அளக்கும்.

கார்டன் ரீச்சில், ஆற்றை அளக்கும் அலுவலகம் ஒன்றில் அவர் சர்வேயர். ஹூக்ளியின் ஆழத்தைப் படகில் போய் அளந்து வருவார்கள். கடல் ஓதத்தால் ஏறி இறங்கும் தண்ணீரைக் கழித்து, நிஜமான ஆழத்தைச் சொல்வது அவர் பாடு. ஒரு நாள் படகு ஓடினால் மூன்று நாள் பேனா ஓடும். மனைவி வத்சலா திருவல்லிக்கேணியில் பள்ளிக்கூட டீச்சர். மாற்றல் வந்தால் அவருக்குக் குடும்பம்; வராதவரை மெஸ் சாம்பார்.

வேலை சுளுவானால் தன்னை விட்டுவிடுவார்கள் என்று அந்த அப்பாவி நம்பினார். சாந்தினி சந்தையில் 'பேசிக்' என்ற கணினி மொழி தெரிந்த கால்குலேட்டர் ஒன்றை வாங்கி, புரோகிராம் எழுதினார். மூன்று நாள் வேலை நாற்பது நிமிடமாயிற்று. ஆனால் கருவிக்கு ஞாபகசக்தி கம்மி. 'ஓதம் உயர்ந்த நேரம் என்ன?' என்று அது கேட்பதற்கான சொற்களை நீக்கினால்தான் சூத்திரம் உள்ளே போகும். நீக்கினார். ஆகவே ஓட்டினால் வெறும் கேள்விக்குறி வரும். ஓர் எண்ணைக் கொடுத்தால் இன்னொரு கேள்விக்குறி. மொத்தம் ஏழு. எது எதைக் கேட்கிறதென்று அவருக்கு மட்டுமே தெரியும்.

அவர் ஜுரத்தில் படுத்த அன்று சக ஊழியர் மண்டல் உட்கார்ந்து, நேரத்தின் இடத்தில் ஆழத்தைத் தட்டினார். ஹூக்ளியின் நட்டநடுவே முப்பத்தொரு மீட்டர் குன்று எழும்பியது. அதன்பின் மாற்றல் மனு போகும்போதெல்லாம் அதிகாரி கோஷால் பாபு ஒரே குறிப்பு எழுதினார்: 'இவர் இல்லாமல் முடியாது.'

நாலு வருடம், சொற்களுக்கு இடம் தேடி வரிகளைச் சுருக்கிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிறு காலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வத்சலாவிடம் அலுத்துக்கொண்டார்.

"ஏன்னா, எது எதைக் கேக்கறதுன்னு ஒரு சீட்டுல எழுதி, அது முதுகுல ஒட்டப்படாதோ?"

வீரராகவன் ரிசீவரைப் பிடித்தபடி பூத் மீட்டரில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, லைன் கட்டாயிடுத்தா?" என்றாள் வத்சலா.

"இல்லை. இருக்கேன்."

மறுநாள் வங்காள மொழியில் ஏழு வரி எழுதி ஒட்டினார். மண்டல் ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டார். குன்று எதுவும் முளைக்கவில்லை.

கோஷால் பாபு பூரித்துப்போனார். "மோஷாய், பிரமாதம்! மண்டலே பண்றானே!"

"அதனாலதான் சார், என் மாற்றல்..."

"அரே பாபா! இப்படிப்பட்ட மூளையை எவனாவது வெளியே விடுவானா? கரை அரிப்புக் கணக்கு ஆறு வருஷமா தூங்குது. அதையும் இந்த டப்பாவுக்குள்ளே போடுங்க."

மண்டல் எழுந்து மரியாதையாக நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு வத்சலா முழுவதையும் கேட்டாள். கோபப்படவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமல்லவா.

"சரி. அங்க தமிழ் ஸ்கூல் இருக்காமே," என்றாள். "டீச்சர் வேலைக்கு மனு யார் பேருக்குப் போடணும்னு விசாரிச்சு வையுங்கோ."