கண்ணாடிச் சட்டத்தில் கப்பல்கள்

1927 ஜூன் 9, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. மேகமூட்டம், மழையில்லாத புழுக்கம். மகள் கல்யாணத்துக்கு அரியக்குடியில் அழைப்புச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, எங்கள் முகப்பில் படத்துக்குச் சட்டம் போடுகிறவர் என் புத்தகத்திலிருந்து படங்களையெல்லாம் அறுத்தெடுத்திருந்தார்.

ஆங்கிலேயர் புதுக் கரைகளைத் தேடிக் கடலில் போன கதைகளைச் சொல்லும் மிகப் பழைய புத்தகம் அது. ரங்கூனில் ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்தேன். செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படங்கள் இருபத்திரண்டு. தினம் இரண்டு பக்கமாக வாசித்து, கப்பல் ஆப்பிரிக்க முனையைத் தாண்டும் இடத்துக்கு வந்திருந்தேன்.

"பொட்டிக்குள்ள பூட்டி வச்சா யாரு பாப்பாக? கோட்டையூர்ச் சம்பந்தி வீட்டுக்காரக வந்து வெறுஞ் சுவத்தையா பாக்கணும்?" என்றாள் என் மனைவி. "எழுத்து அப்படியேதான் இருக்கு. நீக படிச்சுக்கிடுங்க."

படங்களின் பின்பக்கத்திலும் கதை அச்சாகியிருந்தது அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கங்களைத்தான் பசை தடவிப் பலகையில் ஒட்டியிருந்தார். நனைத்து உரித்தால் படமும் கிழியும் என்றார் சட்டம் போட்டவர்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்து மெச்சினார்கள். அந்தக் கப்பல் நம் கரைக்கு வந்து சேர்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புத்தகத்துக்குப் பதினெட்டு ரூபாய், சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நாற்பத்து நாலு, இன்னொரு பிரதி தேடிச் சென்னைக்கு மூன்று முறை வீணாகப் போய்வந்ததில் முப்பத்தொன்று. ஆகமொத்தம் தொண்ணூற்று மூன்று ரூபாய்.