ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டுக்காரர், ராணுவத் தொழிற்சாலையில் வெடிமருந்துப் பிரிவு. அவர் மனைவி. மனைவியின் தம்பி, எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. பிறகு நான். கள்ளிக்குப்பம். பெயிண்டர். குழுவில் டிரம்ஸ்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அக்கினி வெயில். மேற்கிலிருந்து வறண்ட காற்று மூன்று நாளாய் நிற்கவில்லை. கடல் காற்று வரவே இல்லை. உதடு வெடித்தது. கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் சுருக்கென்றது.

மாலையில் குமணன்சாவடி கோயிலில் கச்சேரி. பட்டணத்துப் பெரிய குழுக்காரர் ஒருவர் தம்பியின் வாசிப்பைக் கேட்க வருகிறார். பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வார். வேலையில்லாத தம்பிக்கு அது ஒன்றுதான் வழி. இரண்டு வருடம் உட்கார்ந்து அவன் செய்த ஒலிகளும் தாளங்களும் கீபோர்டின் மெமரியில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

காலையில் கீபோர்டில் ஒரு கட்டை அமுங்கியது, எழவில்லை. தூசி. திறந்தாக வேண்டும். என் கை நடுங்காது என்று பிரஷ்ஷை என்னிடம் கொடுத்தான்.

வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

“சட்டையக் கழட்டு. பாலியஸ்டர் போட்டுக்கிட்டு இதைத் தொடக் கூடாது. எங்க பிரிவுல உள்ளயே விடமாட்டாங்க.”

“இன்னா அண்ணாத்தே, உள்ள குண்டா கீது?”

“குண்டுன்னா போய்த் தொலையுதுன்னு விட்ருவேன். இது மாப்ளயோட பொழப்பு. கழட்டிட்டு ஜன்னல் கம்பியத் தொடு. உடம்புல இருக்கிற கரண்ட்டு அதுல போயிரும். உள்ள ஒரு பொறி பட்டா எல்லாம் அழிஞ்சிரும்.”

“இவருக்கு டம்ளர எடுக்கணும்னாலும் கம்பியத் தொடணும்,” என்றார் மனைவி.

“செஞ்சிடு மச்சான்,” என்றான் தம்பி என்னிடம். “இல்லாட்டி மாமா கேட் பாஸ் கேப்பாரு.”

சட்டையைத் தலை வழியாக உருவினேன். படபடவென்று பொரிந்தது. கை மயிர் எழுந்து நின்றது. பிளாஸ்டிக் பாயில் நின்றபடியே எட்டிக் கம்பியைப் பிடித்தேன். வழவழவென்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நானே பெயிண்ட் அடித்த கம்பி. பெயிண்டுக்கு மேல் தொட்டால் எதுவும் இறங்காது. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் தொழில்.

கம்பி சுருக்கென்று குத்தவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி மூடியைக் கழற்றியதும் கட்டைக்கு அடியில் பிரஷ்ஷை விட்டேன். விரல் உள்ளே இருந்த பச்சை சர்க்யூட் பலகையின் ஓரத்தில் பட்டது. சுருக். சின்னச் சத்தம். நால்வருக்கும் கேட்டது.

தம்பி ஸ்விட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. கட்டை எழுந்தது. ஒலியும் வந்தது. கடையில் வாங்கிய அன்று இருந்த ஒலி. ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தான். பிறகு நிறுத்திவிட்டான்.

“சுட்டுச்சா மச்சான்?”

“இல்ல.”

வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் போய் நகத்தால் கம்பியைச் சுரண்டினார். பெயிண்ட் உரிந்து வந்தது.

கச்சேரிக்குப் போனோம். கடை ஒலியை வைத்துக்கொண்டே தம்பி வாசித்தான். தலை நிமிரவில்லை. பட்டணத்துக்காரர் முன் வரிசையில் இருந்தார். பிறகு காலால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தார். நான் பின்னால் டிரம்ஸில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது மூன்று பாட்டு.