கன்னக்கை

ஸ்கேன் சென்டரின் முன்மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளை டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரைக்கும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர், வயது, எங்கே வலி, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. இந்த நாலு கேள்வியையும் ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது கேட்பது அவள் வேலை.

அன்று கூட வேலை பார்ப்பவள் லீவு. மூன்றாவது நாளாக இரண்டு ஷிப்டையும் இவளே இழுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பிரிண்டர் வேறு மக்கர் செய்தது. சரிசெய்ய ஆள் வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி, கன்னத்தில் கையை வைத்து, எதிரே காத்திருந்த கூட்டத்தை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை யாரோ போட்டோ எடுத்தது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் மகள் போனை நீட்டினாள். "அம்மா, இது நீதானே?"

படத்துக்குக் கீழே 'திங்கட்கிழமையும் நானும்' என்று எழுதியிருந்தது. அடுத்ததிலும் அதே முகம்: 'மாமியார் கதை சொல்லும்போது'. தள்ளத் தள்ள அவளே வந்துகொண்டிருந்தாள். ஒன்றில் தலையில் கிரீடம் வைத்திருந்தார்கள்.

"வாய் கொஞ்சம் திறந்திருக்கு," என்றாள். போனை மகளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு வாரத்துக்குள் யாரோ அந்தப் படத்துக்குக் 'கன்னக்கை' என்று பெயர் வைத்தார்கள். பிறகு படத்தைத் தேடிப் போடச் சோம்பல்பட்டவர்கள் பெயரை மட்டும் எழுதினார்கள். ஆபீஸ் எப்படி? கன்னக்கை. பரீட்சை? செம கன்னக்கை.

அவளுடைய அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "கன்னத்துல கை வைக்காதேன்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

மேனேஜரும் கூப்பிட்டு அனுப்பினார். "உடம்புக்கு முடியாம வர்றவங்க முன்னாடி இப்படியா உக்காருவீங்க?"

"பிரிண்டர் ஓடல சார்."

"அது படத்துல தெரியலையே."

அதன்பிறகு கையை எங்கே வைப்பதென்பதே தனி வேலையாகிவிட்டது. மடியில் வைத்தாள், மேசைக்கடியில் வைத்தாள், எழுத ஒன்றுமில்லாதபோதும் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, ஒரே ஒரு தடவை கையை வைங்களேன்," என்றான். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

நாலைந்து மாதத்தில் வேறு படங்கள் வந்து அவள் முகத்தை மூடிவிட்டன. வார்த்தை மட்டும் போகவில்லை.

ஒரு காலை, அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்து வந்த பெண் ஒருத்தி மேசையோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "விடியறப்ப வந்தோம்டி. அப்பா பயந்துபோயிருக்கார். நான் சுத்தக் கன்னக்கை." பேசிக்கொண்டே டோக்கன் அக்காவை நேராகப் பார்த்தாள். அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

போனை வைத்ததும் டோக்கன் அக்கா கேட்டாள். "அதுக்கு என்னம்மா அர்த்தம்? சோர்வா?"

அந்தப் பெண் யோசித்தாள். "இல்லக்கா. சோர்வுன்னா தூங்கி எழுந்தா சரியாயிடும். இது வேற. உக்காந்திருக்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. ஆனா உக்காந்துதான் ஆகணும்."

"யாரு கண்டுபிடிச்சாங்க?"

"தெரியலக்கா. எல்லாரும் சொல்றாங்க."

டோக்கன் அக்கா தலையாட்டினாள். அந்த அப்பாவிடம் நாலு கேள்வியையும் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போது கணவர் கேட்டார். "ஏன் ஒரு மாதிரி இருக்கே?"

இதற்கு 'ஒண்ணுமில்லை' என்பதுதான் அவளுடைய வாடிக்கையான பதில். அன்று, "கன்னக்கையா இருக்குங்க," என்றாள்.

"அப்படின்னா?"

போன் பக்கமே போகாத மனிதர் அவர். எங்கே ஆரம்பிப்பது? சொல்லத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே மகள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. கணவர் எழுந்து, தன் பக்கமிருந்த மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.