இரண்டாவது ஸ்கேன்

கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் எங்களுக்கு ஒரு கட்டிலும் இரண்டு சூட்கேஸ்களும் இருந்தன. கட்டிலில் தங்கையும் நானும் படுப்போம். சூட்கேஸ்களைத் திறக்கவே அவள் விடமாட்டாள். கனடாவிலிருந்த கணவரிடம் போக விசாவுக்குக் காத்திருந்தவள். இடையில் அவர் வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுப் போனார், அவள் கர்ப்பமானாள். ஆறாம் மாதம் விசா வந்தது. அதே கிழமைதான் இரண்டாவது ஸ்கேனும் எடுத்தோம்.

டொக்டர் அம்மா திரையை நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் இறுக்கமா இருக்கு. இண்டைக்குப் பிரஷர் சரி. ஆனா பிறகு திடீரெண்டு ஏறக்கூடும், தாய்க்கே ஆபத்து. கிழமைக்கு ஒருக்கா வந்து காட்டுங்கோ. பிள்ளை பிறக்குமட்டும் பிளேன் ஏறவேண்டாம்."

வெளியே வந்ததும் தங்கை சிரித்தாள். "இன்னும் வராத வருத்தத்துக்கு இப்பவே பயணத்தை மறிக்கிறா, அக்கா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. விசாவுக்குக் கெடு இருந்தது. அந்த மாதத்தில் மட்டும் இரண்டு தரம், தமிழ் ஆட்களைச் சுற்றிவளைக்கும் ரவுண்டப்பில் பிடித்து, வயிற்றோடு அவளைப் பொலிசில் இருத்தி வைத்திருந்தார்கள். எப்படியாவது இந்த ஊரைவிட்டு அவளை அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

விமானக் கம்பனி டொக்டரின் கடிதம் கேட்டது. மூளையைப் பாவித்தவள் நான்தான், பெரிய கெட்டிக்காரி! கொட்டாஞ்சேனையில் எங்களைத் தெரியாத ஒரு டொக்டரிடம் கூட்டிப்போய், மூன்றாம் மாதம் எடுத்த முதலாவது ஸ்கேனை நீட்டினேன். இரண்டாவதை மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது, எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் கொமியூனிகேஷன் கடையிலிருந்து அவள் கணவருக்கு ஃபோன் எடுத்தோம். வெளிநாட்டுக்குக் கதைக்கும்போது நல்ல சேதி மட்டும் சொல்வது எங்கள் ஆட்களின் பழக்கம்.

"ஸ்கேன் என்ன மாதிரி, அக்கா?"

"எல்லாம் நல்லம், தம்பி."

மூன்று கிழமையில் பயணம். டொக்டர் அம்மாவிடம் பிறகு நாங்கள் போகவேயில்லை. போவதற்கு முதல் நாள் அவளுக்குத் தலையிடி. கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. அலைச்சல்தான் என்று சொல்லி, காலி வீதிக் கடையொன்றில் ஒரு சைஸ் பெரிய செருப்பாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

விமானத்திலேயே பிரஷர் ஏறி வலிப்பு வந்தது. வழியில் ஏதோ ஒரு ஊரில் இறக்கியிருக்கிறார்கள். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

லொட்ஜ் ஃபோனில் அவள் கணவர் அழுதார். "அக்கா, முதலே ஏதும் தெரிஞ்சிருந்தா நான் மறிச்சிருப்பன், என்ன?"

கைப்பை என் தோளில்தான் கிடந்தது.

"ஓம் தம்பி," என்றேன். "ஆருக்குத் தெரியும்?"