பதினாறாம் நம்பர் ஃபில்டர்

என் அக்கா வீட்டுக்காரர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்யும் ஆலையில் இருபத்தாறு வருஷம் சோதனை அதிகாரியாக இருந்தவர். அதிகாரி என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். கையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். அதைத் தொட்டியின் சுவரில் வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார். கனம் இருந்தால் பச்சை மை, குறைந்தால் சிவப்பு மை. உத்தியோகம் அவ்வளவுதான். மாலையில் வீட்டுக்கு வந்து அவர் காலை நீட்டி உட்காருகிற தோரணையைப் பார்த்தால், ஊர் ஜனம் தாகத்தில் சாகாமல் இருப்பதே இவர் புண்ணியத்தில்தான் என்று தோன்றும்.

கெட்டியாக இருப்பதெல்லாம் நல்லது, மெல்லிசாக இருப்பதெல்லாம் ஏமாற்று. இருபத்தாறு வருஷத்தில் மனிதர் கற்றது இது ஒன்றுதான். அதை ஆலையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கென்ன வந்தது? வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மெத்தை வாங்கினார், அதன் உயரத்துக்கு அக்கா முக்காலி போட்டு ஏறிப் படுக்க வேண்டியிருந்தது. திரைச்சீலை வாங்கினார், பட்டப்பகலில் விளக்கைப் போட்டார்கள். என் பிள்ளைகள் அவருக்குக் கெட்டி மாமா என்று பெயர் வைத்தார்கள். அது காதில் விழுந்தபோது மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. பாராட்டு என்று நினைத்து இரண்டு பேருக்கும் பேனா வாங்கித் தந்தார்.

நான் ஏசி, ஹீட்டர் மெக்கானிக். எங்கள் ஊரில் வெயிலும் கடுமை, குளிரும் கடுமை. பதினெட்டு வருஷமாக இதே வேலை. அத்தான் கணக்கில் நான் ஸ்பேனர் பிடிக்கிறவன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வீடு முழுவதையும் சூடாக்கவும் குளிராக்கவும் மெஷின் வைத்தபோதுகூட என்னைக் கூப்பிடாமல் வெளி ஆட்களைத்தான் கூப்பிட்டார். "சொந்தக்காரனை வேலைக்கு விட்டா நாளைக்கு ஒரு வார்த்தை கேக்க முடியாது மாப்ள" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். சரி, நல்லாயிருங்க என்று வந்துவிட்டேன்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, வாயில் அடிக்கிற மருந்து இருக்கும். போன வருஷம் குளிர் தொடங்கியபோது இழுப்பு கொஞ்சம் அதிகமானது. வீட்டுக் காற்று சுத்தமாக இருக்கட்டும், மெஷினுக்கு நல்ல ஃபில்டராகப் பார்த்துப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை போதாதா? அத்தான் அன்று மாலையே கடைக்குக் கிளம்பிவிட்டார்.

இந்த ஃபில்டர் சமாசாரம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மெஷின் வீட்டுக் காற்றை ஒரு பக்கம் இழுத்து, சூடாக்கியோ குளிராக்கியோ குழாய் வழியாக அறைகளுக்குத் திருப்பி அனுப்பும். இழுக்கிற வாயில் ஓர் அட்டைச் சட்டம், அதற்குள் மடிப்பு மடிப்பாக ஒரு துணி. அதுதான் ஃபில்டர். நம்பர் ஏற ஏறப் பொடித் தூசியையும் பிடிக்கும், ஆனால் காற்று நுழைவதும் அந்த அளவுக்குக் கஷ்டமாகும். அக்கா வீட்டு மெஷினுக்கு ஓர் அங்குலக் கனத்தில் எட்டாம் நம்பரோ, மிஞ்சிப்போனால் பதினொன்றோதான் ஒத்துவரும். அதற்கு மேல் போட்டால் அந்த விசிறியால் இழுக்க முடியாது. எந்த மெஷின், எத்தனை அங்குல இடம், விசிறிக்கு எவ்வளவு தெம்பு, இந்த மூன்றையும் பார்த்து வாங்கினால் வேலை முடிந்தது.

கடையில் இருந்த பெண் இதைத்தான் கேட்டிருக்கிறாள். அத்தானே எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

"உங்க மெஷின்ல எத்தனை இன்ச் போகும் சார்னு கேட்டா. அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், உன் கடையிலேயே கனமானது எதும்மான்னு கேட்டேன். அசந்துட்டா."

அசந்துதான் போயிருப்பாள், பாவம்.

வாங்கி வந்தது பதினாறாம் நம்பர், நான்கு அங்குலக் கனம். ஓர் அங்குல இடத்தில் அது எப்படிப் போகும்? நம் ஆளுக்கு அதெல்லாம் ஒரு கேள்வியா? ஃபில்டரை இறுக்கிப் பிடிக்கிற தகரத் தண்டவாளங்கள் இரண்டையும் கழற்றி மூலையில் போட்டார். மூடியையும் எடுத்துவிட்டார். கெட்டிப் பெட்டியை வாய்க்கு நேராக நிறுத்தி இரண்டு பக்கம் டேப் ஒட்டினார். ஆடத் தெரியாதவளாவது தெருக் கோணல் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். இவர் தெருவையே இடித்துவிட்டு ஆடினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் எங்களை மாடிப்படிக்கு அடியில் இருந்த மெஷின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறை என்று அதைச் சொல்வதே தப்பு. செருப்பு, துடைப்பம், சுருட்டி வைத்த பழைய கம்பளம், வாய் திறந்த சுண்ணாம்பு மூட்டை எல்லாம் அங்கேதான். மெஷினை அணைத்து, டேப்பை உரித்து, ஃபில்டரை வெளியே எடுத்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ரெண்டு வாரம் ஓடியிருக்கு. பொட்டுத் தூசி இருக்கா பாருங்க. வீட்டுக் காத்து அவ்வளவு சுத்தம்."

கூட்டாளிகள் இருவரும் தலையை ஆட்டினார்கள். ஃபில்டர் வெள்ளையாக இருந்தால் அதன் வழியாகக் காற்றே போகவில்லை என்று அர்த்தம். இரண்டு வாரம் ஓடியும் அழுக்காகாத ஃபில்டரைப் பார்த்துப் பெருமைப்படுகிற மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை. வாயைத் திறந்தேன்.

"அத்தான், இந்த மெஷினுக்கு..."

"நீ சும்மா இரு மாப்ள. ஸ்குரூ முடுக்குற வேலை வரும்போது உன்னைத்தான் கூப்பிடுவேன். இது அளந்து பாத்து செய்யற வேலை."

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஃபில்டரைத் திரும்ப நிறுத்தி, பழைய டேப்பையே அழுத்தி ஒட்டி, மெஷினைப் போட்டுவிட்டு எல்லாரும் கூடத்துக்குப் போனார்கள். நான் மட்டும் நின்றேன். ஃபில்டரின் மேல் ஓரத்திலிருந்து விசில் அடிக்கிற சத்தம் வந்தது. விரலை வைத்தேன், உள்ளே போனது. முழு விரலும் போகிற சந்து. கெட்டி ஃபில்டர் வழியாக இழுக்க முடியாத விசிறி, அந்தச் சந்து வழியாகச் செருப்புத் தூசியையும் சுண்ணாம்புப் பொடியையும் இழுத்துப் படுக்கையறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணி குடிக்கட்டும், மெஷின் நடுக்குளிரில் படுத்த பிறகு என்னைத் தேடி வரட்டும், அன்றைக்கு அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசுகிறேன் என்று நினைத்தேன். கூடத்துக்கு வந்து, அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அக்கா போனில் சொல்லித்தான் தெரியும். அறைகளில் சூடே வரவில்லையாம். அதற்கும் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். மற்ற அறைகளில் காற்று வருகிற வாய்களை எல்லாம் அட்டை வைத்து அடைத்தார். எல்லாக் காற்றும் படுக்கையறைக்கே போகட்டும், அவளுக்குத்தானே மூச்சுக் கஷ்டம் என்றாராம். பெண்டாட்டி மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்தப் பிரியத்தையும் சேர்த்து அந்தச் சுண்ணாம்பு மூட்டைக்குள்தான் போட வேண்டும்.

ஏழாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணி. உலர்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மருந்தை நான்கு முறை அடித்தும் மூச்சு இறங்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முகத்தில் குழாய் மாட்டியிருந்தார்கள், உதடு நீலமாக இருந்தது. டாக்டர் அத்தானைக் கேட்டார்.

"சமீபத்துல வீட்ல என்ன மாத்துனீங்க?"

"ஃபில்டர் மாத்தினோம் டாக்டர். இருக்கறதிலேயே பெரிய நம்பர்."

அந்த நிலைமையிலும் நம்பரைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு. எனக்கு அங்கேயே அறையலாம் என்று வந்தது.

"அதைத் தெரிஞ்சவங்க யாரையாவது வெச்சுப் பாருங்க" என்றார் டாக்டர்.

அக்கா குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, "தம்பி பாக்கட்டும்" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். அத்தான் சாவியை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் போய் எல்லாவற்றையும் சரி செய்தேன். செருப்பு, கம்பளம், மூட்டை அத்தனையும் வெளியே போயின. மெஷின் உள்ளேயும் காற்றுக் குழாயிலும் படிந்திருந்த வெள்ளைப் பொடியை உறிஞ்சி எடுக்கவே அரை நாள் ஆனது. தண்டவாளங்களைத் திரும்ப மாட்டினேன். அறைகளில் அடைத்திருந்த அட்டைகளைப் பிடுங்கினேன். பதினொன்றாம் நம்பர், ஓர் அங்குலம், சந்தே இல்லாமல் உட்கார்ந்தது. அத்தான் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். திடீரென்று உள்ளே போய்த் தன் அளவுக் கருவியை எடுத்து வந்து புது ஃபில்டரின் அட்டையை அளந்தார்.

"மெல்லிசா இருக்கே மாப்ள."

நான் மூடியை மாட்டி முடுக்கினேன். பேசியிருந்தால் கையில் இருந்த ஸ்குரூ டிரைவர் வேறெங்காவது போயிருக்கும்.

அக்கா நான்கு நாளில் வீடு திரும்பினாள். பத்து நாளில் மாடிப்படியை நிற்காமல் ஏறினாள். ராத்திரி மருந்து அடிக்காமல் தூங்கினாள். பார்க்கப் போயிருந்தேன். அத்தான் கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"முதல்ல போட்டேன் பாருங்க, அந்தப் பதினாறு, அது வீட்ல இருந்த தூசி மொத்தத்தையும் எடுத்துடுச்சு. இனிமே இந்தச் சாதாரண ஃபில்டரே போதும்."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜென்மம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போனேன். அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியாக்கா உன் வீட்டுக்காரர் பேச்சை? அந்த ஃபில்டரால ஒரு பிரயோஜனமும் இல்ல. மேல ஒரு சந்து. தூசியெல்லாம் அது வழியா நேரா உன் ரூமுக்குத்தான் வந்துச்சு. சாப்பிட வந்தோமே, அன்னைக்கே எனக்குத் தெரியும். விரலை விட்டே பாத்தேன்."

அக்கா கை நின்றது.

"என்னைக்கு?"

"அதான், அந்த ஞாயித்துக்கிழமை. ஆலைக்காரங்க வந்திருந்தாங்களே."

அவள் துணியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"அதுக்கப்புறம் எத்தனை தடவை போன்ல பேசினோம்?" என்றாள். "மூச்சு முடியலடான்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

"இல்லக்கா, அவர் அன்னைக்கு எல்லார் முன்னாடியும்..."

"அவருக்குத் தெரியாதுடா. தெரியாததால செஞ்சாரு. உனக்குத் தெரியும்."

கூடத்தில் அத்தான் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்து மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறேன். அன்று துப்புவதற்கு என்னைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய், மெஷின் அறைக் கதவைத் திறந்தாள்.

"வா. இதை எப்படி எடுக்கணும், எப்படிப் போடணும், எந்த நம்பர் வாங்கணும், எல்லாத்தையும் காட்டு."

"எதுக்குக்கா? ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நானே வந்து மாத்திடறேன்."

"வேண்டாம்" என்றாள். "என் மூச்சை இனிமே நானே பாத்துக்கறேன்."

காட்டினேன். ஃபில்டர் அட்டையில் போட்டிருந்த அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அவளே எடுத்தாள், அவளே போட்டாள். விளிம்பு நான்கையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நான் வெளியே வருவதற்கு வழிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.